பதினாறு வண்டிச் சாட்சி

இந்தக் கதையைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. வண்டிகள் பதினாறு என்று கேட்ட ஞாபகம். ஆறுதான் என்று சாதிப்பவர்களும் இருக்கிறார்கள். அரசனின் பெயர் வீரகடம்பன்தானா என்று சத்தியம் செய்யச் சொன்னால் செய்ய மாட்டேன். நாட்டின் பெயர் சுத்தமாக மறந்துவிட்டது. ஆனால் இதில் வரும் ஒரு பெண் அரசன் முன் நின்று சொன்ன சொற்களில் மட்டும் ஒன்றுகூட எனக்குத் தவறவில்லை. அந்தத் துணிவில் சொல்கிறேன்.

ஆண்டு எதுவென்று எவரும் குறித்து வைக்காத ஒரு காலத்தில் வீரகடம்பன் என்றொரு அரசன் இருந்தான். அவன் அரண்மனை வாசலில் மூன்று கற்கள் நின்றன. முதல் கல்லில் அவன் பாட்டன், "மழை தவறவில்லை, குடிகள் மகிழ்ந்தனர்" என்று வெட்டியிருந்தார். இரண்டாவது கல்லில் அவன் தந்தை, "பகைவர் ஒன்பதின்மர் தோற்றனர், குடிகள் மகிழ்ந்தனர்" என்று வெட்டியிருந்தார். மூன்றாவது கல் வெறுமையாக நின்றது. வீரகடம்பன் காலத்தில் மழையும் சுமார்தான், போரும் நடக்கவில்லை. என்னத்தைச் சொல்லிக் குடிகள் மகிழ்ந்ததாக வெட்டுவது?

ஒருநாள் அவையைக் கூட்டி, தன் குடிகள் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா என்று கேட்டான்.

ராஜகுரு சதாநந்த தேசிகர் எழுந்தார். நாட்டின் கோயில்கள் எல்லாம் அவர் சொல்படி நடந்தன. முறையாக வழிபடுகிறவனுக்கு மகிழ்ச்சி தானே வந்து சேரும் என்றும், இந்த நாட்டில் வழிபாடு குறைவில்லை என்றும், ஆகவே எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்றும் சொன்னார். எவனாவது தான் வருந்துவதாக நினைத்தால் அது அவன் அறியாமை; தன் மகிழ்ச்சி அவனுக்கே தெரியவில்லை என்று பொருள்.

அமைச்சர் மழவராயர் அடுத்து எழுந்தார். நீர்நிலைகளும் காவலும் அவர் பொறுப்பு. குறை இருந்தால் குடிகள் முறையிடுவார்கள், முறையீடு எதுவும் தன்னிடம் வரவில்லை, ஆகவே குறை இல்லை என்றார். முறையிட வந்தவர்களை வாயிற்காவலர் எப்படித் திருப்பி அனுப்பினார்கள் என்பதை அவர் சொல்லவில்லை.

இருவருக்கும் ஒருவரையொருவர் பிடிக்காது. ஆனால் அன்று ஒரே குரலில் பேசினார்கள். அரசனுக்கு அது பிடித்திருந்தது. மூன்றாவது கல்லில் ஆணை வெட்டப்பட்டது: "தெய்வத்தின் அருளாலும் அரசின் காவலாலும் இந்நாட்டார் அனைவரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். இல்லை என்பவர் தெய்வத்தையும் அரசையும் பழித்தவர் ஆவார். அவர் எல்லை கடத்தப்படுவார்."

அதற்குப் பிறகு ஊரில் யாரும் அழவில்லை. அழுதவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்கள்.

ஐப்பசியில் பெருமழை பெய்தது. பெரிய ஏரியின் கரை உடைந்தது. மழவராயர் மூன்று ஆண்டுகளாகக் கல் போடாமல் விட்டிருந்த இடத்தில்தான் உடைந்தது. மண்மூட்டை அடுக்கப் போன முத்திருளன் என்ற குயவனை வெள்ளம் கொண்டுபோனது. மறுநாள் அவன் உடலை எடுத்து ஏரிக்கரையிலேயே புதைத்தார்கள். அவன் மனைவி வேலாச்சி தலைவிரி கோலமாக உட்கார்ந்து, ஊர் கேட்க ஒப்பாரி வைத்தாள். அந்த ஏரிக்கரையில் கரைகாத்தாள் அம்மன் கோயில் இருந்தது. வேலாச்சி அவளையும் விடவில்லை.

"கரைகாத்தாள்னு பேரு வச்சோமே, கண்ணு மூடிப் போனியோ தாயே! கல்லு போட ஆளு வச்சோமே, காவலு எங்க போச்சு ராயரே!"

ஒரே மூச்சில் இரண்டு பேரையும் கேட்டுவிட்டாள். தேசிகருக்கு முதல் வரி போய்ச் சேர்ந்தது, மழவராயருக்கு இரண்டாவது வரி. மாலைக்குள் வேலாச்சி காவலில் இருந்தாள்.

"நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்" என்று வாசல் கல்லின் முன் மூன்று முறை சொன்னால் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். அவள் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விடுவோம், புருஷனைப் புதைத்த மண்ணை இனிப் பார்க்க முடியாது என்றார்கள். அதற்கும் சொல்லவில்லை. சிரமப்பட வேண்டாம், தலையை ஆட்டினால் போதும் என்று ஒரு காவலன் இரக்கப்பட்டுச் சொன்னானாம். அவள் தலையையும் ஆட்டவில்லை.

அந்த அவையில் வெயிலுகந்தான் என்றொரு விகடகவி இருந்தான். எதற்கும் உடனே பதில் சொல்ல மாட்டான். கேட்டவர் தான் கேட்டதையே மறந்துபோகும் வரை பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு வாயைத் திறப்பான். வேலாச்சியின் வழக்கு அவைக்கு வந்தபோது அவன் அப்படித்தான் நெடுநேரம் இருந்தான். பிறகு மெல்லச் சிரித்தான்.

அரசன் காரணம் கேட்டான்.

"அரசே, இந்த நாட்டில் ஒருத்திதான் ஆணைக்குப் பயப்படாமல் அழுதிருக்கிறாள். மற்றவர்கள் அழாதது மகிழ்ச்சியினாலா, கல்லினாலா என்று யோசித்தேன். சிரிப்பு வந்துவிட்டது."

மழவராயர் இதற்காகத்தான் நெடுநாளாகக் காத்திருந்தார். விகடகவி ஆணையையே பழிக்கிறான், இதற்கு அவனே சான்று காட்டட்டும் என்றார். வேலாச்சி குற்றவாளி என்பதால் அவள் வாக்கு செல்லாது. வேறு ஒருவர், தாம் துன்பத்தில் இருப்பதாக ஒப்புக்கொள்ளும் ஒரே ஒருவர், அவையில் நிற்க வேண்டும். தேசிகரும் தலையசைத்தார். அரசன் ஏழு நாள் கெடு கொடுத்தான். சாட்சி வந்தால் அந்தப் பெண்ணுக்கு விடுதலை. வராவிட்டால் அவளும் வெயிலுகந்தானும் சேர்ந்து எல்லை தாண்ட வேண்டும்.

ஒப்புக்கொள்ளுகிறவனுக்கும் தண்டனை உண்டு என்பதை யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. வாசலில் கல்லிலேயே இருந்தது.

வெயிலுகந்தான் தெருத் தெருவாகப் போனான். விளைச்சல் அழுகிப்போன உழவன், குறை எதுவும் இல்லை என்றான். தறிக்குப் பாவு நூல் நீட்ட ஆளில்லாமல் தனியே கிடந்த நெசவாளி, ஆனந்தமாக இருப்பதாகச் சொன்னான். எண்ணெய்க்காரத் தெருவில் மாடப்பன் என்பவன் ஒரு பக்கக் கன்னம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, அதைத் துணியால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்ன அண்ணே, பல்லு வலியா?" என்றான் வெயிலுகந்தான்.

"வலியா? எனக்கா?" என்றான் மாடப்பன், பாதி வாயால். "சந்தோசத்துல பூரிச்சுப் போயிருக்கேன்ப்பா. ஒரு பக்கமாப் பூரிச்சிருக்கேன், அவ்வளவுதான். நீ போ."

நான்கு நாட்கள் இப்படியே போயின. வீட்டில் அவன் மனைவி பிச்சம்மை பானை சட்டிகளைக் கட்டத் தொடங்கிவிட்டாள்.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீரு. சரி, போற நாட்டுலயாவது அழுறதுக்கு அனுமதி உண்டான்னு விசாரிச்சீரா?"

ஐந்தாம் நாள் காலை அவன் கரைகாத்தாள் கோயிலுக்குப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்தான். வேண்டுவதற்கு என்று ஒன்றும் இல்லை. உட்கார வேறு இடம் இல்லை. அப்போது முக்காடு போட்ட ஒருவன் சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு உள்ளே வந்தான். மடியிலிருந்து எதையோ எடுத்து அம்மன் முன் வைத்துக் கும்பிட்டான், விசும்பினான், அதே அவசரத்தோடு போய்விட்டான். முக்காட்டின் ஒரு பக்கம் பூசணிக்காய் மாதிரி இருந்தது.

வெயிலுகந்தான் எட்டிப் பார்த்தான். சுட்ட மண்ணில் செய்த ஒரு தாடை. பல்வரிசையோடு இருந்தது.

அந்த ஊர் வழக்கம் அது. கால் வலித்தால் மண்ணால் ஒரு கால் செய்து அம்மனுக்கு வைப்பார்கள். கண் மங்கினால் மண்கண். பிள்ளை வேண்டுமென்றால் மண்தொட்டில். அவற்றை உருவாரம் என்பார்கள். குயவர்கள் செய்து கொடுப்பார்கள், வேண்டியவர்கள் வைத்துவிட்டுப் போவார்கள், கோயிலார் அவற்றை எடுத்துப் பின்புறம் குவிப்பார்கள். வெயிலுகந்தான் எழுந்து பின்புறம் போனான். பனைமர உயரத்துக்குக் கிடந்தது குவியல். அதன் முன்னால் நின்றவன் வெயில் உச்சிக்கு ஏறும் வரை அசையவில்லை என்கிறார்கள். என்ன நினைத்தான் என்று எனக்குத் தெரியாது. தன் நாட்டாரை நினைத்து அவன் நெஞ்சு நிமிர்ந்திருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன். கல்லில் வெட்டிய ஆணையால் அவர்கள் வாயைத்தான் கட்ட முடிந்தது. கையைக் கட்ட முடியவில்லை.

ஆறாம் நாள் அவன் அவைக்குப் போய், பணிவாக ஒரு ஐயம் கேட்டான். கரைகாத்தாள் சந்நிதியில் உருவாரம் வைப்பவர்களில் பொய்யாக வைப்பவர்களும் உண்டோ?

தேசிகருக்குச் சினம் வந்தது. "அவள் சந்நிதியில் பொய் நிற்காது. மனிதன் நாக்கு புரளலாம். அங்கே வைத்த உருவாரம் புரளாது. அவன் வாக்கைவிட அதுவே உறுதி. இந்த ஆண்டு குவிந்ததுபோல் எந்த ஆண்டும் குவிந்ததில்லை என்பதை நீ அறிவாயா?"

"அறிந்துகொண்டேன், சுவாமி," என்றான் வெயிலுகந்தான்.

ஏழாம் நாள் காலை அரண்மனை முற்றத்துக்குள் பதினாறு மாட்டு வண்டிகள் வந்து நின்றன. வைக்கோல் பரப்பி, அதன்மேல் உருவாரங்களை அடுக்கியிருந்தார்கள். கால்கள், கைகள், கண்கள், வயிறுகள், தொட்டில்கள், ஒரு தாடை. அவை முழுவதும் எழுந்து முற்றத்துக்கு வந்துவிட்டது. வெயிலுகந்தான் அரசன் முன் வணங்கி நின்றான்.

"அரசே, ஒரு சாட்சி கேட்டீர்கள். கொஞ்சம் அதிகமாகிவிட்டது. பொறுத்தருள வேண்டும்."

மண்ணுக்கு வாய் உண்டா என்று மழவராயர் சீறினார்.

"மனிதன் வாக்கைவிட உறுதி என்று நேற்று குருநாதர் சொன்னார். நான் மண்ணென்று நினைத்து அவர் சொல்லைத் தள்ளலாமா? இந்தக் கால், 'நான் வலிக்கிறேன்' என்று தெய்வத்தின் முன் சொல்லியிருக்கிறது. இந்தத் தொட்டில், 'நான் வெறுமையாக இருக்கிறேன்' என்று சொல்லியிருக்கிறது. குருநாதர் மறுக்கட்டும். இவை பொய் என்றால் சந்நிதியில் பொய் நிற்கிறது. இவை மெய் என்றால் வாசல் கல்லில் பொய் நிற்கிறது. எந்த இடத்தில் நிற்கிறது என்று அவர்தான் சொல்ல வேண்டும்."

தேசிகர் வண்டிகளைப் பார்த்தார். பிறகு வாசல் கல்லைப் பார்த்தார். 

மழவராயர் கெட்டிக்காரர். குருவைக் கைவிட்டுவிட்டு வேறு வழி பிடித்தார். சாட்சி மெய்தான் என்று வைத்துக்கொள்வோம், அப்படியானால் வைத்தவர்கள் அனைவரும் குற்றவாளிகள், அவர்கள் யார் என்று தெரிய வேண்டும் என்றார். இவற்றில் பெரும்பாலானவை குயவன் மனைவி வேலாச்சி கையால் செய்தவை. அவளுக்குத் தெரியாமல் இருக்காது.

வேலாச்சியைக் கொண்டுவந்தார்கள். பன்னிரண்டு நாள் காவலில் மெலிந்திருந்தாள். தலைமுடியை மட்டும் இறுக முடிந்திருந்தாள். மழவராயர் அவளிடம் கனிவாகப் பேசினார். ஒவ்வொன்றையும் யார் செய்யச் சொன்னார்கள் என்று பெயர் சொன்னால் போதும், அவள் இப்போதே வீட்டுக்குப் போகலாம், ஏரிக்கரைக்கும் போகலாம், எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம்.

 இப்படி ஒரு திருப்பத்தை வெயிலுகந்தான் எண்ணியிருக்கவில்லை. அவள் வாயைத் திறந்தால் ஊரில் பாதி எல்லை தாண்ட வேண்டும். மாடப்பன் கூட்டத்தில் தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வேலாச்சி வண்டிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். சிலவற்றைத் தொட்டுப் பார்த்தாள். விரிசல் விட்டிருந்த ஒரு கையை எடுத்து வைக்கோலுக்குள் பத்திரமாகச் செருகினாள். பொறுமை இழந்த மழவராயர், முதல் வண்டியின் அடியில் கையை விட்டு, கையில் அகப்பட்டதை உருவி எடுத்து உயரத் தூக்கினார்.

"இதிலிருந்து தொடங்கு. இது யாருடையது?"

அவை ஒரு குழந்தையின் பாதங்கள். அடுத்தடுத்து ஒட்டிச் செய்திருந்தாள். இடது பாதம் உட்புறமாக வளைந்திருந்தது. அதன் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறியிருந்தது. அச்சு அசல் என்று பார்த்தவர்களுக்குத் தோன்றும்படி அவ்வளவு நுணுக்கமாகச் செய்திருந்தாள்.

வேலாச்சி பாதங்களைப் பார்த்தாள். பிறகு தலை நிமிர்ந்து அரசனைப் பார்த்தாள். அரசனும் பாதங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீரகடம்பனுக்கு மூன்று வயதில் ஒரு மகன் இருந்தான். இளவரசன் ஓடியாடி விளையாடுகிறான் என்று நாட்டில் முரசறைந்திருந்தார்கள். உண்மையில் அவன் இன்னும் எழுந்து நிற்கவில்லை. தன் ஆணையைத் தானே மீற முடியாத அரசன் அதைப் பற்றி அரசியிடம்கூடப் பேசியதில்லை. அரசியும் அவனிடம் பேசியதில்லை. அவள் மகனின் பாதங்களை ஈரக் களிமண்ணில் பதித்து, ஒரு தாதியின் கையில் துணி மூடிக் குயவர் தெருவுக்கு அனுப்பியிருந்தாள்.

"கேட்கிறேன் அல்லவா? யாருடையது?" என்றார் மழவராயர்.

"தெரியலை," என்றாள் வேலாச்சி.

"செய்தது நீதானே?"

"நான்தான் செஞ்சேன். என் கைக்குத் தெரியும். ஆனா நான் சொல்ல மாட்டேன்."

"சொன்னால் விடுதலை. உன் புருஷனைப் புதைத்த இடம் உனக்குக் கிடைக்கும்."

 அவள் ஏரி இருக்கும் திசையை ஒருமுறை பார்த்தாள். பிறகு அரசனைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"மகாராசா, ஒவ்வொருத்தரும் வந்து என் வாசல்ல நின்னு, குரலைத் தாழ்த்தி, எங்க வலிக்குதுன்னு சொல்லிட்டுப் போனாங்க. நம்பிச் சொன்னாங்க. என் அழுகையை நான் ஒளிக்க மாட்டேன். அது என்னோடது. மத்தவங்க அழுகையை நான் காட்டிக் குடுக்கவும் மாட்டேன். அது அவங்களோடது. எல்லை எந்தப் பக்கம்னு காட்டுங்க, நானே நடந்து போறேன்."

அரசன் படியிறங்கி வந்தான். மழவராயர் கையிலிருந்து பாதங்களை வாங்கினான். வளைந்த இடது பாதத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றான்.  அரசன் அழுதால் ஆணைப்படி குற்றவாளி. அழாவிட்டால் அவன் தகப்பன் இல்லை.

வெயிலுகந்தானுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. வழக்கமாக நெடுநேரம் பேசாமல் இருப்பவன் அன்று மட்டும் உடனே பேசினான்.

"அரசே, ஆணையை நிறைவேற்ற நாழியாகிறது. துன்பத்தைச் சொன்ன பதினாறு வண்டியும் எல்லை தாண்ட வேண்டும். அத்தனை பேர் குறையையும் கேட்டுவிட்டு அரசுக்குத் தெரிவிக்காமல் இருந்தவள் கரைகாத்தாள். அவள்தான் முதல் குற்றவாளி. அவளையும் பல்லக்கில் ஏற்றி அனுப்பிவிடுவோம். அம்மனைச் சுமக்கும் உரிமை குருநாதருடையது. அவர் தோள் கொடுப்பார். வழி காட்டுவது அமைச்சர் கடமை. அவர் முன்னால் நடப்பார். எல்லைக்குப் போக ஏரிக்கரை ஒன்றுதான் பாதை. கரை உடைந்த இடத்தில் கழுத்தளவு தண்ணீர் ஓடுகிறது. அங்கே வந்ததும் அமைச்சர் திரும்பி நின்று, 'குறை ஒன்றும் இல்லை' என்று எங்களுக்குச் சொல்லி, முதல் அடியை எடுத்து வைப்பார்."

பல்லக்கைத் தோளில் சுமந்த தேசிகரும், கழுத்தளவு தண்ணீரில் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மழவராயரும் அரசன் கண்முன் வந்திருக்க வேண்டும். அவன் உதடு துடித்தது. பிறகு சிரித்தான். வயிறு குலுங்கச் சிரித்தான். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தான். அந்த நீரில் எது எதனால் வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"சிரிக்கும்போது வரும் கண்ணீரைப் பற்றிக் கல்லில் ஒன்றும் இல்லை, அரசே," என்றான் வெயிலுகந்தான், குரலைத் தாழ்த்தி. "தாராளமாக வரட்டும்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மாடப்பன் சிரிக்க முயன்று, "ஐயோ, உயிர் போகுதே" என்று கத்திவிட்டான். ஆணை வெட்டிய நாளுக்குப் பிறகு அந்த நாட்டில் ஒருவன் வெளிப்படையாகச் சொன்ன முதல் குறை அதுதான். யாரும் அவனைப் பிடிக்கவில்லை.

அரசன் வேலாச்சியை வணங்கினான் என்கிறார்கள். வணங்கவில்லை, வழி விட்டு ஒதுங்கி நின்றான் என்றும் சொல்கிறார்கள். எதுவானாலும், அவள் தலை குனியாமல் அவனைக் கடந்து ஏரிக்கரைக்குப் போனாள் என்பதில் இரண்டு பேச்சு இல்லை.

வெயிலுகந்தானுக்குத் தன் மேலாடையையும் கணையாழியையும் கொடுத்துவிட்டு, இன்னும் என்ன வேண்டும் என்று அரசன் கேட்டான். மூன்றாவது கல் வேண்டும் என்றான் அவன். எதற்கு என்று கேட்டதற்கு, ஏரிக்கரையில் ஒரு கல் குறைகிறது என்றான்.

கல்லைப் பெயர்த்து, எழுத்து உள்பக்கம் இருக்கும்படி உடைப்பில் வைத்துக் கட்டினார்கள். பிற்காலத்தில் பெண்கள் அதன்மேல் நின்று துணி துவைத்தார்கள். கரை பிறகு உடையவில்லை.

மழவராயர் கரை கட்டி முடியும் வரை அங்கேயே கூரை போட்டுத் தங்கவேண்டியிருந்தது. வாதம் வந்து முழங்கால் வீங்கி, கடைசிக் காலத்தில் தானே ஒரு மண்கால் வாங்கி வைத்தார். சதாநந்த தேசிகர் நெடுநாள் வாழ்ந்தார். மகிழ்ச்சியைப் பற்றி எவராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். மாடப்பன் பல்லைப் பிடுங்கிக்கொண்டான். பிச்சம்மை கட்டிய பானைகளை அவிழ்த்தாள், ஆனால் கயிற்றை எறியவில்லை. வெயிலுகந்தானும் வாயை மூடவில்லை. வேலாச்சி அதே தெருவில் அறுபது வயது வரை மண் குழைத்தாள். மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஆண்டுக்கொரு முறை ஏரிக்கரையில் உட்கார்ந்து, ஊர் கேட்க அழுதாள். அரசனும் அரசியும் மகனைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். இளவரசன் கடைசிவரை ஓடவில்லை. கோலூன்றி நடந்தான். தகப்பனுக்குப் பின் முப்பத்திரண்டு ஆண்டுகள் அப்படியே நடந்து நாட்டை ஆண்டான். வாசலில் கல் எதுவும் நடவில்லை.